ஆவி பிரியும் சூடு

நூற்று எண்பத்தைந்து என்றது திரை.
பச்சை எழுத்து. பொய் சொல்கிற முகமே இல்லை அதற்கு.

உர்மஸ் அதை என் மேசையில் வைத்தான்,
அடிபட்ட பறவையைக் கொண்டுவந்தவன்போல.
"எரிகிறது" என்றான்.
எரியாது. எரியக் கூடாதென்றே செய்த கருவி இது என்றேன்.
"எரிகிறது, லீவி."

பார்னுவில் பிப்ரவரி மாதம்.
ஆறு இறுகி, அதன்மேல் ஆட்கள்
முக்காலி போட்டு மீனுக்குக் காத்திருக்கிறார்கள்.
சூடாகும் எதையும் பழுதுபார்ப்பேன் என்று
கதவில் எழுதி வைத்திருக்கிறேன்.
இஸ்திரிப் பெட்டி, முடி உலர்த்தி,
நகராட்சி சவுனாவின் அடுப்பு ஒருமுறை.

இருபத்தாறு வருடம் தீயணைப்பில் இருந்தவன்.
மர ஆலை மூன்று நாள் எரிந்தபோது
முகமூடி இல்லாத ஒரு பையனுக்குத்
தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தவன்.
அந்தப் பையன் இப்போது தால்லினில் வங்கி வேலையில்.
இவன் என் வாசல் படி மூன்றையும்
ஒவ்வொன்றாக ஏறுகிறான்.
தைம் இலையும் சாமந்தியும், இரவில் இரண்டு இழுப்பு.
மருத்துவர் சரியென்று சொல்லவில்லை.
வேண்டாமென்றும் சொல்லவில்லை.

நான்கு திருகு கழற்றினேன்.
பெரிதாக ஒன்றுமில்லை உள்ளே:
விரல் நுனியளவு பீங்கான், அதைச் சுற்றிக் கம்பிச்சுருள்,
மேலே ஒரு சின்னக் கிண்ணம், எஃகு வலை.
இழுக்கிறவனின் மூச்சு
கீழ்வாசல் வழியே காற்றை உள்ளே கூப்பிடுகிறது.
காற்று பீங்கானைச் சுற்றிச் சூடேறி
இலைக்குள் நுழைந்து வெளியேறுகிறது.
தகடு தொடுவதில்லை, தணல் தொடுவதில்லை,
காற்று மட்டும்.

முதலில் ஈரம் போகும்.
அப்புறம் மணம், சொல்லிக்கொள்ளாமல்.
கனத்த எண்ணெய்கள் கடைசியில்,
கல்யாண வீட்டில் செருப்பைத் தேடிக்கொண்டே
இன்னும் அரைமணி பேசுகிறவர்களைப்போல.
அதற்குமேல் சூடேற்றினால் இலை கருகத் தொடங்கும்,
பிறகு வருவதற்குப் பெயர் வேறு.
ஆவி பிரிய வேண்டும், உடல் வேகக் கூடாது.
இந்த இயந்திரத்துக்குத் தெரிந்த நீதி இவ்வளவுதான்.
இந்த அளவுகூட எத்தனை பேருக்கு

சரி. என் கம்பியை உள்ளே விட்டு அளந்தேன்.
இருநூற்று அறுபத்தொன்று.

உணரி இடம் நழுவியிருந்தது.
கடுகைவிடச் சிறிய கண்ணாடி மணி,
கிண்ணத்தின் அடியிலிருந்து பெயர்ந்து
குளிர்ந்த மூலையில் போய் ஒட்டிக்கொண்டு
போதவில்லை, இன்னும் போதவில்லை என்று
செய்தி அனுப்பியிருக்கிறது.
சுருள் பாவம், கேட்டதைக் கொடுத்திருக்கிறது.

"எப்போது தெரிந்தது உனக்கு?"
"முதல் இழுப்பிலேயே.
மரம் புகையும்போது முதலில் லேசாக இனிக்கும்,
அப்புறம்தான் தொண்டையில் ஏறும்."
"முதல் இழுப்பு எப்போது?"
"ஒன்பது நாள் ஆகிறது."

ஒன்பது நாள்.
பூட்டிய கதவுக்கு வெளியே நின்று
உள்ளே எரிவது பெயின்ட்டா ரப்பரா என்று சொன்ன மூக்கு.
நான் எதுவும் கேட்கவில்லை. அவனே சொன்னான்:
"விரலில் கிளிப் மாட்டித் தொண்ணூற்றொன்று என்கிறார்கள்.
எனக்கு நன்றாக இருக்கிறது என்றால்
மறுபடி கிளிப்பைப் பார்க்கிறார்கள்.
பழகிவிட்டது."

மணியை அதன் குழியில் உட்கார்த்தி
சூடு தாங்கும் பசை வைத்தேன். காயும்வரை
கடுங்காப்பி குடித்தோம், ஜன்னலைப் பார்த்தபடி.
ஆற்றில் ஒருவன் எதையோ பிடித்துவிட்டுக்
கையை உயர்த்தினான், யாருக்கென்று தெரியவில்லை.

பிறகு இலை போட்டு ஓட்டினோம்.
வெளியே வந்தது கண்ணுக்கு ஏறக்குறைய இல்லை.
கண்ணாடியில் ஊதினால் படியுமே, அவ்வளவு.
கடை முழுக்கத் தைம்.
கிண்ணத்தை உள்ளங்கையில் கவிழ்த்தான்.
பழுப்பாக, ஆனால் காம்பும் நரம்புமாக
இலை இலையாகவே கிடந்தது.
கட்டைவிரலால் தேய்த்தான், வெகுநேரம்,
எரிந்த வீட்டின் தரையைத் தேய்த்துப் பார்ப்பதுபோல.
"சாம்பல் இல்லை."

திரைமேல் கறுப்பு நாடா ஒட்டித் தரச் சொன்னான்.
எண் தெரியாமல் எப்படி என்றேன்.
மூக்கைத் தொட்டுக் காட்டினான்.
ஒட்டிக் கொடுத்தேன். பதினெட்டு யூரோ.
நாடாவுக்கு வாங்கவில்லை.